குழி வாயில் நிற்பவருக்கு என்ன தெரிய வேண்டும்?

(திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலாளர்களுக்கும் உரிமையாளர்களுக்குமாக நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் சுவரோரம் நிற்கிற ஹெல்பர் தம்பிகள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான். சத்தீஸ்கரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் இந்தியில் சொல்லிக்கொண்டே வாருங்கள். சலசலப்பு இருந்தால் இருக்கட்டும், எனக்கு அது இடைஞ்சல் இல்லை.

டி.என். 34 என்ற எண் பலகையோடு ஒரு ரிக் வண்டியும் அதன் பின்னாலேயே கம்ப்ரசர் வண்டியும் மத்தியப் பிரதேசத்துச் சாலையிலோ ராஜஸ்தான் மணலிலோ போவதைப் பார்த்தால், நம் ஊர்க்காரருக்கு ஒரு பெருமிதம் வரும். இந்த ஊரில் கட்டிய வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போயிருக்கின்றன. வண்டியைப் பற்றி, கம்ப்ரசரின் திறனைப் பற்றி, ஒரு நாளில் எத்தனை அடி போனது என்பதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த வண்டியின் பின்புறத்தில், குழி வாயிலிருந்து கை நீட்டும் தூரத்தில் நிற்கிற ஆளைப் பற்றிப் பேசியது குறைவு.

வேலைத் திறமை ஒன்று, பாதுகாப்பு இன்னொன்று என்று நாம் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். திறமையை டிரில்லரிடம் கற்றுக்கொள், பாதுகாப்புக்கு ஹெல்மெட் போட்டுக்கொள் என்று முடித்துவிடுகிறோம். காற்றால் துளை போடும் வேலையில் இந்தப் பிரிவினை செல்லாது. குழியைப் படிக்கத் தெரிந்த ஹெல்பர்தான் ஆபத்தையும் முதலில் பார்க்கிறார். அவர் பார்த்துச் சொன்னால் வண்டி நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதற்கான விளக்கம்.

காற்று வந்த வழி

பாறையைக் காற்றால் துளைப்பது நம் ஊரில் பிறந்த வித்தை இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜான் ஜார்ஜ் லெய்னர் என்றொருவர் 1890-களில் ஒரு துளைப்பொறி செய்தார். துளைக்கும் கம்பியின் நடுவே ஓட்டை விட்டு, அதன் வழியாகக் காற்றை அனுப்பிப் பாறைத்தூளை வெளியே தள்ளினார். வேகம் பிரமாதம். ஆனால் கிளம்பிய தூசியில் சுரங்கத் தொழிலாளர்களால் நிற்க முடியவில்லை. அந்தப் பொறியே வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன் பிறகு அவர் காற்றோடு தண்ணீரையும் சேர்த்து அனுப்பினார். பொறி நிலைத்தது. வேலை செய்கிறவர்கள் மறுத்ததால் ஓர் இயந்திரம் திருந்திய கதை இது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியலையே குழிக்குள் இறக்கி, பாறையை உடைக்கும் முனையான பிட்டுக்கு நேர் மேலே வைத்து அடிக்கும் முறை 1950-களில் வந்தது. நாம் ஹேமர் என்று சொல்வது அதைத்தான். 1967-இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் நிறுவனம் இந்த வகைத் துளைப்பொறிகளை விமானத்தில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் மாதக்கணக்கில் வெடி வைத்து இறங்கிய கடினப் பாறையில், இது மணிக்கணக்கில் இறங்கியது. தக்காணம் முழுக்க அடியில் பாறைதான். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணுக்குக் கீழே இருப்பதைப் புவியியலாளர்கள் சங்ககிரி - திருச்செங்கோடு கிரானைட் என்றே பெயரிட்டு எழுதுகிறார்கள். பாறை நம்முடையது, தொழிலும் நம்முடையதாயிற்று.

காற்று செய்யும் வேலை

கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று மூன்று வேலைகள் செய்கிறது. ஹேமருக்குள் இருக்கும் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பிட்டின் தலையில் அடிக்க வைக்கிறது. பிட்டைக் குளிர வைக்கிறது. உடைந்த தூளை, ஹேமரைத் தாங்கும் ராடுக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக மேலே தூக்கிவருகிறது. இந்த மூன்றாவது வேலை சரியாக நடக்க, அந்த இடைவெளியில் காற்று நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். குறைந்தால் தூள் பாதி வழியிலேயே நின்று, ஹேமரின் தோள்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

நம் வண்டிகளில் என்ன வேகம் இருக்கும்? ஆறரை அங்குலக் குழி, நாலரை அங்குல ராடு, நிமிடத்துக்கு 1,100 கன அடி காற்று என்று கணக்குப் போட்டால், குழி வாயில் நிமிடத்துக்குச் சுமார் 9,000 அடி வருகிறது. மணிக்கு 165 கிலோமீட்டர். கல் காற்றைவிட மெதுவாகத்தான் வரும், ஆனாலும் கண்ணைப் பறிக்க அது போதும். குழி வாயை எட்டிப் பார்க்காதே என்று டிரில்லர் கத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. காரணம் தெரிந்தவன் அவர் கத்தாத நேரத்திலும் எட்டிப் பார்க்க மாட்டான். கண்ணாடி போடாமல் அங்கே நிற்கவும் மாட்டான்.

கண்ணும் காதும்

வெளியே வரும் தூளைப் படிப்பது ஹெல்பரின் முதல் திறமை. ஒவ்வொரு ராடு இறங்கியதும் ஒரு கை தூளை எடுத்து வரிசையாகக் குவித்து வையுங்கள். இருபதடி ராடு என்றால் ஐந்து குவியலில் நூறு அடி. மேலே செம்மண், அதன் கீழ் மட்கிய பாறை, அப்புறம் கெட்டிப் பாறை என்று நிறமே கதை சொல்லும். கெட்டிப் பாறையில் தூள் மாவாக, ஒரே சீராக வரும். திடீரென்று கட்டைவிரல் அளவுச் சில்லுகள், துருப்பிடித்த மஞ்சளும் பழுப்புமாக வந்தால், பாறையில் வெடிப்பு இருக்கிறது என்று பொருள். நம் பாறையில் தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் ஓடுகிறது. நிலத்துக்காரர் காத்திருக்கும் செய்தியை முதலில் பார்க்கிறவர் நீங்கள்.

குழிச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை எங்கே நிறுத்துவது என்ற முடிவும் இந்தத் தூளில்தான் இருக்கிறது. மட்கிய பாறையில் கேசிங்கை நிறுத்திவிட்டுக் கீழே போனால், பிறகு சுவர் சரிந்து ராடைப் பிடித்துக்கொள்ளும். கெட்டிப் பாறைக்குள் கேசிங் நன்றாக உட்கார்ந்ததா என்று பார்ப்பது கிணற்றின் ஆயுளையும் உங்கள் ராடையும் சேர்த்துக் காப்பாற்றும்.

அடுத்த ஆபத்து ஈரம். நிறையத் தண்ணீர் வந்தால் தொல்லை இல்லை, சேற்றோடு சேர்ந்து வெளியே கொட்டிவிடும். தண்ணீரே இல்லையென்றாலும் தூள் பறந்துவிடும். கொஞ்சம் கசிவு இருக்கும்போதுதான் வம்பு. ஈரக் கையில் கோதுமை மாவு ஒட்டிக்கொள்கிற மாதிரி, தூள் ராடைச் சுற்றி வளையமாக ஒட்டிக் கெட்டியாகும். இதற்கான அடையாளங்கள் மூன்று. பறந்துகொண்டிருந்த தூசி சட்டென்று நின்றுவிடும். குழி வாயில் வரும் காற்று குறையும். பிரஷர் கேஜில் முள் ஏறும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவுடன் சொன்னால், டிரில்லர் இறக்குவதை நிறுத்தி, தண்ணீரோ நுரையோ விட்டுக் கழுவிவிடுவார். ஐந்து நிமிடம் தாமதித்தால் ஹேமர் மாட்டிக்கொள்ளும். மாட்டிய ஹேமரை எடுக்கும் அவசரத்தில் நடப்பவைதான் பெரும்பாலான விபரீதங்கள்.

காதுக்கு வருவோம். கெட்டிப் பாறையில் ஹேமர் ஒரே தாளத்தில் கணீரென்று அடிக்கும். களிமண்ணில் சத்தம் மந்தமாகும். வெடிப்பிலோ பொந்திலோ பிட்டுக்கு அடித்தளம் இல்லாமல் போனால், அடி நின்று காற்று மட்டும் சீறும். ஹேமரின் அமைப்பே அப்படி. அந்த நொடியில் ராடு ஓரிரு அங்குலம் குதித்து இறங்கும். அதைக் கேட்டவர் ராடிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

இந்தக் காதைக் காப்பாற்றுவதும் வேலையின் ஒரு பகுதி. கம்ப்ரசரும் ஹேமர் காற்றும் சேர்ந்தால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டிவிடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்று வைக்கும் அளவுகோலின்படி, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் நிற்கலாம். நாம் இரவு முழுக்க நிற்கிறோம். காதில் பஞ்சு வைத்தால் போதாது. காதை முழுக்க மூடும் காதுமூடிகளோ நுரை அடைப்பான்களோ வேண்டும். அவற்றைப் போட்டால் ஹேமர் சத்தம் கேட்காதே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஹேமர் சத்தம் கேட்கும். போடாமல் விட்டால்தான் பத்து வருடத்தில் எதுவுமே கேட்காது.

கைத்திறன்

ராடு ஒன்று நூறு கிலோ அளவுக்கு இருக்கும். ஆயிரம் அடிக்கு ஐம்பது ராடு. ஐந்து டன் எஃகு திருகு மரையில் தொங்குகிறது. அந்த மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மாட்டுவது ஹெல்பரின் கை. மணல் ஒட்டிய மரையை அப்படியே மாட்டினால் அது கழற்றும்போது அடம் பிடிக்கும். அடம் பிடிக்கும் மரையில்தான் ஸ்பேனர் வழுக்கி விரல் போகிறது. கிரீஸ் தடவும் அரை நிமிடம் விரலுக்கான அரை நிமிடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹேமருக்கு எண்ணெய் போகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. ராடைக் கழற்றும்போது மரையின் முனையில் எண்ணெய்ப் பூச்சு மினுமினுக்க வேண்டும். வறண்டிருந்தால் லூப்ரிகேட்டரைப் பாருங்கள்.

பிட்டைப் பற்றி இரண்டு விஷயம். அதன் முகத்தில் பதித்த பட்டன்கள் தேய்ந்து மேலே தட்டையாகிவிடும். அந்தத் தட்டையின் அகலம் பட்டனின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் தீட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பட்டன் உடையும். இன்னொன்று, பிட்டின் ஓரமும் தேய்கிறது. அதனால் குழி கீழே போகப்போக மயிரிழை மயிரிழையாகக் குறுகும். பாதிக் குழியில் தேய்ந்த பிட்டை எடுத்துவிட்டுப் புது பிட்டை இறக்கினால், அது குறுகிய இடத்தில் ஆப்பு மாதிரி இறுகிவிடும். ஆகவே இறக்கும் முன் ஒவ்வொரு பிட்டின் விட்டத்தையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பெரியது முதலில், சிறியது பின்னால். எழுதப் படிக்கத் தெரிந்த ஹெல்பர் ஓர் உரிமையாளருக்கு எத்தனை ஹேமரை மிச்சப்படுத்துவார் என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ராடு எப்போதும் வலப்பக்கமே சுற்ற வேண்டும். குழிக்குள் இருக்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே எங்கோ மரை கழன்று ஹேமர் குழியோடு போய்விடும்.

அடைபட்ட காற்று

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

தண்ணீரை அழுத்தினால் அது சுருங்குவதில்லை. குழாய் விட்டால் பீச்சியடித்து நின்றுவிடும். காற்று அப்படியில்லை. 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கும் ஒரு கன அடி காற்று, விடுபட்டால் 21 கன அடியாக விரியும். ஆயிரம் அடி ராடுக்குள் அடைபட்ட காற்றைக் கணக்குப் பார்த்தால், வெளியே வரும்போது ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு கன அடி ஆகும். ஒரு நல்ல அறை முழுவதும் நிறையும் காற்று, ஒரு திருகு மரையின் பின்னால் காத்திருக்கிறது.

கம்ப்ரசர் வால்வை மூடியதும் காற்று போய்விட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. சாதாரணமாக அது ஹேமர் வழியாகக் குழிக்குள் இறங்கிவிடும். ஹேமரில் சேறு அடைத்திருந்தால் இறங்காது. மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. ராடு ஒரு குண்டுபோல நிற்கும். அந்த நேரத்தில் அவசரமாக மரையைத் திருகிக் கழற்றினால், ராடும் ஸ்பேனரும் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ராடு மாற்றும் முன் பிட்டை அடியிலிருந்து தூக்கி, குழியைச் சுத்தமாக ஊதி முடியுங்கள். காற்றை மூடுங்கள். கேஜில் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். சீறல் சத்தம் நின்றதா என்று கேளுங்கள். அப்புறம்தான் ஸ்பேனர். மரையைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு நில்லுங்கள். சீறல் வந்தால் தொடாதீர்கள், தானாக வடியட்டும். முள் இறங்கவே இல்லை என்றால் அது ஹெல்பர் தீர்க்க வேண்டிய சிக்கல் இல்லை. டிரில்லரைக் கூப்பிட்டு எல்லோரும் தள்ளி நின்று யோசிக்க வேண்டிய சிக்கல்.

ஹோஸும் அப்படித்தான். இரண்டு அங்குல ஹோஸின் வாயில் 300 பி.எஸ்.ஐ. என்றால், இணைப்பைத் தள்ளும் விசை நானூறு கிலோவுக்கு மேல். இணைப்பு விட்டுவிட்டால் அந்த ஹோஸ் சாட்டையாகச் சுழலும். காலை முறிக்கும், தலையை உடைக்கும். இரண்டு முனையிலும் எஃகுக் கயிற்றால் கட்டிவிடும் பாதுகாப்புப் பிடிப்பு இருக்கிறது. விலை அதிகமில்லை. ஹோஸ் இணைப்பில் ஒரு வண்டியிலும் அது இல்லாமல் இருக்கக் கூடாது. கம்பி வைத்துக் கட்டிய இணைப்பைப் பார்த்தால் வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் காற்றைத் திறந்து சட்டையில் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. தோலில் ஒரு சிறு கீறல் இருந்தால் அந்தக் காற்று உள்ளே புகுந்துவிடும். கண்ணையும் செவிப்பறையையும் கெடுக்கும். அதோடு சட்டையில் இருந்த தூசியை நேராக மூக்குக்கு அனுப்பும். அமெரிக்கச் சட்டம் சுத்தம் செய்யும் காற்றுக்கு 30 பி.எஸ்.ஐ. என்று வரம்பு வைத்திருக்கிறது. நம்மிடம் இருப்பது அதைப்போலப் பத்து மடங்கு. தூசியைத் தட்டுவதற்குக் கை போதும். குளிப்பது இன்னும் நல்லது.

துண்டும் மாஸ்ட்டும்

தோளில் துண்டு, இடுப்பில் லுங்கி, கையில் நூல் கையுறை. நம் ஊர்க் கோலம் இது. சுழலும் ராடுக்குப் பக்கத்தில் இவை மூன்றுமே ஆபத்து. ராடு நிமிடத்துக்கு இருபது முப்பது சுற்றுதான் சுற்றுகிறது, மெதுவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு நூல் பிடித்துவிட்டால் அது விடாது. நிறுத்துவதற்குள் தோள் முறிந்துவிடும். கால்சட்டை, உடம்போடு ஒட்டிய சட்டை, பூட்ஸ். துண்டு வண்டிக்குள் இருக்கட்டும்.

மின்கம்பியைப் பற்றி ஓர் எளிய கணக்கு. 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் தெருவைக் கடக்கும் கம்பி 19, 20 அடி உயரத்தில் இருந்தால் போதும் என்று வைத்தன. இருபதடி ராடை நிறுத்தும் மாஸ்ட் 25 அடிக்கு மேல்தான் இருக்கும். அதாவது நம் வண்டி எந்தத் தெருவில் மாஸ்ட்டைத் தூக்கினாலும் அது கம்பியைத் தொட்டுவிடக் கூடும். இரவில் கம்பி தெரியாது. எனவே வண்டி நிற்கும் முன்பே ஒருவர் இறங்கி, நிமிர்ந்து, நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். அதற்கு ஹெல்பரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நீர் பார்ப்பவர் குறித்த இடம் கம்பிக்கு அடியில் இருந்தால், மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தும் வரைக்கும் மாஸ்ட் படுத்தே இருக்கட்டும். இடத்தைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னால் நிலத்துக்காரர் முறைத்துக்கொள்வார். முறைத்துக்கொள்ளட்டும்.

ஒருவேளை மாஸ்ட் கம்பியில் பட்டுவிட்டால், வண்டிமேல் இருப்பவர் இறங்கக் கூடாது. கீழே நிற்பவர் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலுமாக இறங்காமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் சேர்த்துத் தேய்த்தபடி நகர்ந்து போக வேண்டும்.

தூசி

மற்ற ஆபத்துகளை நாம் பார்த்துவிடலாம். தூசி அப்படியில்லை. கிரானைட் பாறையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ். ஹேமர் அதை மாவாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் புகைமூட்டம் மூக்கில் நின்றுவிடும். நம்மைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத பகுதி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. அது நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கும். நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரும். காசநோயையும் அழைத்து வரும். இருமலும் மூச்சிரைப்பும் ஒன்றாக இருப்பதால் காசநோய் என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். 1997-இல் புற்றுநோய்க்கான சர்வதேச ஆய்வு நிறுவனம் இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்தது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், 1930, 31 ஆண்டுகளில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்தார்கள். கிட்டத்தட்ட தூய சிலிக்கா பாறை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேகம் குறையும் என்று உலர்ந்தபடியே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைப்பு தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள். லெய்னர் தன் பொறியில் தண்ணீர் சேர்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தீர்வு தெரிந்திருந்தும் அவசரம் தண்ணீரைத் திறக்கவிடவில்லை.

நம் வண்டியிலும் தண்ணீர் பம்ப் இருக்கிறது. கேசிங் இறங்கி, கெட்டிப் பாறை தொடங்கி, தண்ணீர் வரும் வரைக்குமான அந்த ராடுகள்தான் மிக மோசமானவை. அப்போதே பம்ப்பைத் திறந்துவிடுங்கள். குழி வாயைச் சுற்றி ரப்பர் மறைப்பு வைத்து, தூளைக் குழாய் வழியாகக் காற்று வீசிப் போகும் பக்கம் தள்ளிவிடுங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். முகத்தில் கட்டும் ஈரத் துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது. என்-95 முகமூடி தடுக்கும், அதுவும் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால். வருடத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் சோதனையும் எடுங்கள். எடுத்த படத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடப் படத்தை ஒப்பிட அதுதான் சாட்சி.

கடைசி வேலை

குழி முடிந்து வண்டி கிளம்புவதற்கு முன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கைவிடப்பட்ட ஆழ்துளைக் குழியில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி மீட்கப் பார்த்தார்கள். கடினப் பாறை குறுக்கே நின்று வேகத்தைத் தடுத்தது. ஐந்தாம் நாள் உடல்தான் கிடைத்தது. தமிழ்நாடே விழித்திருந்து பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. போர் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். வேலி போட வேண்டும். கேசிங்கைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்ட வேண்டும். கேசிங் வாயை உறுதியான மூடியால் அடைக்க வேண்டும். கைவிட்ட குழியை மண், கல் போட்டு மேல்மட்டம் வரை நிரப்ப வேண்டும்.

தண்ணீர் வராத குழியில் நிலத்துக்காரருக்கு மனம் இருக்காது, உரிமையாளருக்கு அடுத்த பாயிண்டுக்குப் போகும் அவசரம். கேசிங்கையும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குழியின் பக்கத்தில் கடைசியாக நிற்பவர் ஹெல்பர். மூடி போடாமல் வண்டி நகரக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

யார் சொன்னால் வண்டி நிற்கும்?

இப்போது உரிமையாளர்களைப் பார்த்துப் பேசுகிறேன். நமக்குக் கூலி அடிக்கணக்கில். எத்தனை அடி போனதோ அவ்வளவு பணம். டீசல், வண்டிக் கடன் தவணை எல்லாம் அந்த அடியில்தான் அடங்க வேண்டும். முள் இறங்கக் காத்திருப்பது, பிட்டை அளப்பது, தண்ணீர் விட்டுத் துளைப்பது எல்லாம் நேரம். அதனால்தான் அவசரம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்ட ஒரு ஹேமரும் ராடும் எத்தனை நாள் வருமானத்தை விழுங்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு பாதுகாப்பு வழியும் வண்டியையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

ஆஸ்திரேலியாவில் டிரில்லரின் உதவியாளருக்கென்றே தனிச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அதை முடித்து அனுபவம் சேர்த்து, அடுத்த படியில் டிரில்லர் சான்றிதழுக்குப் போகிறார். நம் ஊரில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறோம். நல்ல டிரில்லரிடம் மாட்டினால் நன்றாக வருவான்; முரட்டு டிரில்லரிடம் மாட்டினால் அவனும் அப்படியே வருவான். இதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், வண்டி ஏறும் முன் ஒரு வாரமாவது கற்றுக்கொடுங்கள். அவர் பேசும் மொழியிலேயே கற்றுக்கொடுங்கள்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே ஆழ்துளைக் கிணறு போடும் வேலை சேர்க்கப்பட்டிருந்தது. காயத்துக்கு உரிமையாளர் பொறுப்பு என்பது நன்கொடை இல்லை, சட்டம். ஒவ்வொரு ஹெல்பரின் பெயரும் ஊரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய பதிவேடும், அவர் பெயரில் காப்பீடும் இல்லாமல் வண்டி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. கம்ப்ரசர் சத்தத்தில் தமிழும் கேட்காது, இந்தியும் கேட்காது. கை சைகைதான் மொழி. ஏற்று, இறக்கு, சுற்று என்பதற்கெல்லாம் உங்கள் வண்டியில் சைகை இருக்கும். அதோடு ஒன்றைச் சேருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் எல்லாம் நிற்க வேண்டும். காற்று, சுற்று, இறக்கம் மூன்றும். அந்தச் சைகையை யார் காட்டினாலும் சரி, நேற்றுச் சேர்ந்த பையன் காட்டினாலும் சரி, டிரில்லர் முதலில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் ஏன் என்று கேட்க வேண்டும். காரணம் சரியில்லை என்றால் போனது ஐந்து நிமிடம். அதற்காக அவனைத் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறை, நிஜமாகவே தேவைப்படும் நேரத்தில், அந்தக் கை மேலே போகாது.

லெய்னரின் பொறியை வேண்டாம் என்ற சுரங்கத் தொழிலாளர்களால் துளைப்பொறி திருந்தியது. ஹாக்ஸ் நெஸ்ட்டில் பிழைப்பு தேடி வந்தவர்களின் சொல்லைக் கேட்க ஆள் இல்லாமல் போனது. நம் தொழில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் உரிமையாளர்களும் டிரில்லர்களும் இன்றைக்கே முடிவு செய்யலாம். கூட்டம் கலைவதற்கு முன் அந்த நிறுத்தும் சைகையை எல்லோரும் ஒருமுறை எழுந்து நின்று செய்து பார்ப்போம். நாளைக்கு உங்கள் வண்டியில் அதைச் செய்யும் தம்பிக்கு, இந்த அவையில் முதலாளியும் அதைச் செய்தார் என்பது தெரிந்திருக்கட்டும்.